மூன்றாவது வரிசை

சிரிப்பை வெட்டி ஒட்டுவது என் பிழைப்பு.
மான்செஸ்டரில், ஜன்னலில்லாத ஓர் அறையில்,
முப்பது வருடம், பிளேடும் பசைநாடாவுமாய்.
இருமலை எடுத்துவிடுவேன்.
தாமதமாய்ச் சிரிப்பவனைக் கொஞ்சம்
முன்னால் இழுத்து வைப்பேன்.

டென்சில் ஹார்க்கரை அப்படித்தான் தெரியும்:
முதலில் குரலாக,
பிறகு குரலுக்கு அடுத்து அவன் விடும் மௌனமாக.
கிரிம்ஸ்பி மீன்துறையில் ஏலம் கூவியவரின் மகன்.
கூட்டம் எப்போது மூச்சு விடும் என்பதை
அப்பன் தோளில் உட்கார்ந்தே படித்தவன்.
கிளீதார்ப்ஸ் கடற்பாலத்து அரங்கில் நாலு கோடை
மழைக்கு ஒதுங்கியவர்களைச் சிரிக்க வைத்தான்.
நனைந்த கோட்டோடு இருப்பவன்
மரியாதைக்குச் சிரிக்கமாட்டான் என்பான்.

தொலைக்காட்சி அவனுக்குக் கொடுத்தது
ஒரு தொப்பி, ஒரு டார்ச் விளக்கு, ஒரு வசனம்.
வியாழக்கிழமை எட்டு மணிக்கு
வில்மட் குடும்பத்தின் கதவைத் தட்டி
"மீட்டர் பார்க்க வந்தேன், சண்டையை நிறுத்த வேண்டாம்"
என்பான்.
அவ்வளவுதான். ஒன்பது வருடம்.
பேருந்தில் கேட்டார்கள், சவ அடக்கத்தில் கேட்டார்கள்,
பல் மருத்துவர், வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு,
அதை ஒருமுறை சொல்லுங்களேன் என்றார்.

லீட்ஸில் ஒருமுறை
மகனைப் பறிகொடுத்த அரசனாக நடித்தான்.
பிணத்தருகே மண்டியிட்ட நேரம்
மேல்மாடத்திலிருந்து ஒருவன்
"மீட்டர் பார்த்தாச்சா?" என்றான்.
அரங்கம் அதிர்ந்தது.
அரசன் குனிந்த தலையோடு
சிரிப்பு அடங்கக் காத்திருந்தான்.
பழக்கம்.

வின்னி அவன் மனைவி.
பதிவு நாளில் தவறாமல்
மூன்றாவது வரிசை, ஓரத்து இருக்கை.
அவளுடையதைச் சிரிப்பென்று சொல்ல முடியாது.
ஒரு விக்கல், ஓர் இழுப்பு,
பிறகு கொதிக்கும் கெட்டிலின் மூடி துள்ளுகிற சத்தம்.
முந்நூறு பேர் நடுவிலும் தனியாய்க் கேட்கும்.
அதை வெட்டியெடுத்து
ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்துக்கொண்டேன்,
மூடிமேல் பென்சிலில் 'வி' என்று எழுதி.
யாரைக் கேட்டேன்?
அப்போதெல்லாம் சிரிப்புக்குச் சொந்தக்காரர் கிடையாது.
ருசியில்லாத வசனம் வந்தால்
உப்புப் போல ஒரு சிட்டிகை:
கழிவறையில் மாட்டிக்கொண்ட போலீஸ்காரனுக்கு,
இரட்டைப் பாதிரியார்களுக்கு,
பேசும் கிளிக்கு.

நிலையத்தார் நாடாச் செலவை மிச்சம் பிடிக்க
டென்சிலின் வியாழக்கிழமைகளை அழித்து
மேலே ஸ்னூக்கர் பதிந்தார்கள்.
ஒன்பது வருடத்தில் தப்பியது நாலு அத்தியாயம்.
ஒன்றில் அவன் முதுகு மட்டும் தெரியும்.
கிளியை யாரும் அழிக்கவில்லை.

வின்னி போனது எண்பத்தாறு பிப்ரவரியில்.
ரயில் தாமதமாகி நான் போய்ச் சேர்ந்தபோது
தோண்டியவர்கள் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பதினோரு வருடம் கழித்து
ஓர் இரவு தொலைபேசி அடித்தது.
"டென்சில் பேசுகிறேன்.
என் வின்னி
சற்று முன்
ஒரு கிளிக்குச் சிரித்தாள்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவன் மூச்சு கேட்டது.
அதற்குப் பின்னால், அவன் வீட்டுப் பெட்டியில்,
அதே மறுஒளிபரப்பு ஓடுவதும் கேட்டது.
"கிளி நன்றாகவே இல்லை" என்றான்.
"தெரியும்."
"அவளுக்கும் தெரிந்திருக்கும்."
எங்கே மௌனம் விட வேண்டும் என்று
அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.
விட்டான்.
"எனக்குச் சிரித்ததும் இதே அளவுதானா?"

உலகத்தில் அதை அளந்தவன் நான் ஒருவன்.
மூன்றேகால் நொடி.
அவனுக்கும் கிளிக்கும் ஒரே துண்டு நாடா.
"உனக்கு நீளம்" என்றேன்.

"சரி. குறித்துக்கொண்டேன்."
ஆனால் வைக்கவில்லை.
பெட்டிக்குள் கிளி மறுபடி ஏதோ சொன்னது.
நானும் ரிசீவரைக் காதோடு அழுத்தினேன்.
இருவரும் காத்திருந்தோம்.