முப்பத்தேழாம் எண் வண்டி

காலை ஒன்பது நாற்பதுக்கே
எல்லா வண்டிகளும் போய்விட்டன,
முப்பத்தேழைத் தவிர.
இடப்பக்கம் இழுக்கும் அது.
திரும்பும்போதெல்லாம் முனகும்.

என் சட்டையில் மார்லீன் என்றிருக்கும்,
அதன் கீழே, சொந்த ஊர்: டொலீடோ.
ஃப்ளோரிடாவுக்கு வந்து ஒன்பது கோடை.
பூங்கா வாசலில் நின்றுகொண்டு
உட்கார்ந்து போகும் உரிமையை
நாளுக்கு அறுபத்தைந்து டாலர் வாடகைக்கு விடுகிறேன்.

ஏன் வேண்டும் என்று கேட்கக் கூடாது.
விதி.
பதினெட்டு வயதாயிற்றா,
பிரேக் இது, ஹாரன் இது,
அவ்வளவுதான் வாய்க்கு அனுமதி.
கண்ணுக்கு விதி எழுத மறந்துவிட்டார்கள்.
அது கேட்டுக்கொண்டே இருக்கும்.

முதலில் நின்றவளுக்கு இருபத்தாறு இருக்கலாம்.
ஓட்டக்காரியின் கெண்டைக்கால்.
நகங்களில் மஞ்சள் பூச்சு.
அவளுக்குப் பின்னால்
ஊன்றுகோலும் மகனின் தோளுமாக
வெண்டல் ஷ்ரோடர்.
பெயரைக் காத்திருப்போர் தாளில் எழுதிக்கொண்டேன்.
வரிசை மொத்தமும் என் கையைப் பார்த்தது.

சாவியை மஞ்சள் நகங்களிடம் கொடுத்தேன்.

"நல்லாத்தானே நிற்கிறாள்?"
யாரோ தனக்குத்தானே சொல்வதுபோல்
எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.
மறுக்க வாய் வரவில்லை.
நானும் அதைத்தான் நினைத்திருந்தேன்.

எனக்கும் ஒரு கணக்கு உண்டு.
போன ஆகஸ்டில், ஊர்வலத்துக்கு முண்டிய கூட்டத்தில்
ஒரு வண்டி என் குதிகாலைச் சீவிப் போனது.
மடியில் பாப்கார்ன் வாளி,
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை மனிதர்.
மழை வருவதை இப்போதெல்லாம்
அந்தத் தழும்புதான் முதலில் சொல்கிறது.

ஆனால் மூடும் நேரத்தில்
விட்டுப்போன வண்டிகளை ஓட்டி வருபவளும் நான்.
உட்கார்ந்தால் முகங்கள் இல்லை.
பெல்ட் கொக்கிகள், தோள்பைகள்,
உருகும் ஐஸ்கிரீம் பிடித்த முழங்கைகள்.
நிறுத்துவதற்காக நான் விடும் இடைவெளியை
தங்களுக்கு விட்ட வழி என்று நுழைகிறார்கள்.
ஹாரன் அடித்தால் முறைப்பு.
அடிக்காவிட்டால் ரத்தம்.

இரண்டு மணிக்கு வாக்கிடாக்கி கரகரத்தது.
டிராகன் பாலத்தின் நடுவே முப்பத்தேழு நின்றுவிட்டது.
மாற்று பேட்டரியைச் சுமந்துகொண்டு போனேன்.
எட்டடிப் பாலம். இரு பக்கமும் நெரிசல்.
நடுவில் அவள்,
கைகளை மடியில் வைத்து, யாரையும் பார்க்காமல்.
"எழுந்து தள்ளேன்" என்றது ஒரு தொப்பி.

நான் கேட்கவில்லை. விதி.
மணி சொல்வதுபோல் அவளே சொன்னாள்:
"ஒரு நாளைக்கு இருநூறு அடி நடப்பேன்.
இன்றைக்கு இன்னும் நாற்பது மிச்சம்.
குதிரை ராட்டினத்தில் அக்கா மகளை ஏற்றிவிட
எடுத்து வைத்திருக்கிறேன்."

பேட்டரியைப் பொருத்தினேன்.
வண்டி துள்ளிக் கிளம்பி, இடப்பக்கம் இழுத்து,
ஒரு சிறுவனின் கணுக்காலில் முட்டியது.
பையன் அலறினான். தாய் கத்தினாள்.
மன்னிப்பு, மன்னிப்பு என்றாள் இவள்.
தோல் உரிந்திருந்தது, உண்மைதான்.
நான் மண்டியிட்டு பிளாஸ்திரி ஒட்டினேன்.
யாருக்காகப் பேசுவதென்று தெரியாத வாய்க்கு
அந்த வேலை வசதியாக இருந்தது.

இவை இங்கே வேண்டுமா என்று
நாளுக்கு நாலு பேர் என்னிடம் கேட்கிறார்கள்.
எட்டடிப் பாலத்துக்கு
இத்தனை ஆயிரம் டிக்கெட் ஏன் என்று
பக்கத்துக் கூண்டில் ஒருவரும் கேட்பதில்லை.

இரவு முப்பத்தேழு திரும்பி வந்தது.
கூடையில் ஒரு குட்டிக் காலுறை,
சக்கரத்தில் யாருடையதோ தலைமுடி.
நாற்பதும் செலவானதா தெரியாது.

வெண்டல் ஷ்ரோடர்
என் கூண்டுக்கு எதிர் பெஞ்சில் நாளெல்லாம் இருந்தார்.
ராட்டினம் எதுவும் பார்க்காமல்,
வாசலில் வந்து போகும் கால்களைப் பார்த்துக்கொண்டு.
மகன் மட்டும் இரண்டு முறை போய் வந்தான்,
இரண்டாவது முறை தலை நனைந்து, சிரித்தபடி.
"எட்டு மணிக்கே வாருங்கள்" என்றேன்.
"நாளைக்கு விமானம்" என்றார்.

தாளில் அவர் பெயரை
அடிக்கவும் இல்லை, விடவும் இல்லை.
சார்ஜரைச் செருகினேன்.
சிவப்பு விளக்கு.
பச்சையாக ஏழு மணி நேரம் ஆகும்.