பாக்கி

ஒன்பது வருஷ வழக்கு.
தீர்ப்பைப் படித்த அன்று தகரக் கூரையில் மழை,
யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.
தலைக்கு ஆயிரத்து நூற்றெழுபது வெள்ளி என்று
சங்கத்துச் செயலாளர் விரல் மடக்கிக் காட்டினார்.

பல் கட்டலாம் என்றாள் எல்லம்மா.
வாஷிங் மெஷின் என்றேன் நான்.
தனபாக்கியம்தான் சொன்னாள்:
"மொதல்ல துரைமாரு கிளப்புல
ஒருநாள் உக்காந்து திங்கணும்."

கிளப் இப்போது பிஸ்ட்ரோ.
பீடோர் சாலையில் பெட்ரோல் நிலையம் தாண்டி,
சனிக்கிழமையானால் கோலாலம்பூர் கார்கள்
வரிசையாக மூச்சு வாங்கும் இடம்.
மூன்று பேரும் தீபாவளிச் சேலை.
எல்லம்மா காலில் மட்டும் சிலிப்பர்,
மழைக்கால வெடிப்பு, வேறெதுவும் ஏறாது.

நாற்காலி ஆடவில்லை.
மேசையும் ஆடவில்லை.
முதுகுதான் பழக்கதோஷத்தில்
முன்னால் சாய்ந்து சாய்ந்து போனது.

மெனுவில் வெள்ளி என்ற சொல்லே இல்லை.
நாற்பத்தெட்டு, அறுபத்திரண்டு, தொண்ணூற்றைந்து,
மண்டோர் நோட்டில் எங்கள் மூட்டைக் கணக்கு மாதிரி
வெறும் எண்கள்.

சூப் வந்தது.
அகலத் தட்டின் நடுவே
கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டதுபோல் கொஞ்சம்.
பிறகு மீன்:
தலையில்லை, முள்ளில்லை,
வழக்கில் தோற்றவன் மாதிரி படுத்திருந்தது.
சாப்பிட்டோம். ருசியாகத்தான் இருந்தது,
அதை ஒத்துக்கொள்ளக் கொஞ்சம் நேரமானது.

மெனுவின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி.
மூன்றாம் படிவம் வரை படித்தவள் நான்,
இரண்டு முறை வாசித்தேன்.
"என்னாவாம்?" என்றாள் எல்லம்மா.
"இவங்க சமையல்ல செம்பனை எண்ணெயே கெடையாதாம்.
நம்ம எண்ணெய் வேணாமாம்."

எல்லம்மா மெல்லக் கைகளை
மேசைக்கு அடியில் இறக்கினாள்.
நகக்கண்ணில் காவிச் சிவப்பு,
இரண்டு நாள் எலுமிச்சை தேய்த்தும் போகாதது.

தனபாக்கியம் கையைத் தூக்கினாள்.
வந்த பையனின் சட்டையில் இர்பான் என்று இருந்தது.
"அப்ப இது என்ன எண்ணெய்?"
"ஒலிவ எண்ணெய், மக்சிக். இத்தாலியிலேர்ந்து வருது."
சின்னக் கிண்ணத்தில் பச்சையாக மின்னியது.
ரொட்டியைத் தோய்த்து, நக்கி,
கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டாள்:
"அங்க அந்தப் பழத்தைக்
குனிஞ்சு பொறுக்குவாங்களா,
நின்னுக்கிட்டுப் பறிப்பாங்களா?"

அவன் சிரித்தான்.
அவள் சிரிக்கவில்லை.
சமையலறைக்குப் போய்த் திரும்பி வந்தான்.
அங்கே யாருக்கும் தெரியவில்லை.

பில் முந்நூற்றுப் பதினாறு.
அதற்குக் கீழே சேவைக்கென்று
பத்து சதவீதம் தனியாக.
"கேக்காமலே சேத்துட்டாங்க பாரு" என்றாள் தனபாக்கியம்,
"கோர்ட்டுக்குப் போகாமலே."
நோட்டுகளை எச்சில் தொட்டு
இரண்டு முறை எண்ணி வைத்தாள்.
மூன்றாம் முறை நான் எண்ணினேன்.

வேனில் ஏறியபிறகு
இருட்டில் யாரோ ஓடி வருகிற சத்தம்.
"கொறச்சுக் குடுத்துட்டோமா?" என்றாள் எல்லம்மா,
சுருக்குப் பையை இறுக்கிப் பிடித்து.
இர்பான். கையில் போன், மூச்சிரைப்பு.
"மக்சிக், தேடிப் பாத்தேன்.
மரத்துக்குக் கீழே வலையை விரிச்சிடுவாங்களாம்.
அப்புறம் மரத்தைப் பிடிச்சு உலுக்குவாங்களாம்.
பெரிய தோட்டத்துல அதுக்கும் மெஷின் இருக்காம்.
யாரும் அவ்வளவா குனியறதில்லை."

வேன் புறப்பட்டது.
விளக்கு வெளிச்சத்தில்
இருபுறமும் செம்பனை, செம்பனை,
ஒவ்வொன்றின் காலடியிலும் திங்கட்கிழமைக்கான உதிரிப்பழம்.
ஒரு பழத்துக்கு ஒரு குனிவு.
நான் மனசுக்குள் எண்ணத் தொடங்கி
மூன்றாவது வரிசையிலேயே விட்டுவிட்டேன்.

பாலம் கடக்கும் வரை யாரும் பேசவில்லை.
பிறகு முன்சீட்டிலிருந்து தனபாக்கியம்
திரும்பாமலே கேட்டாள்:
"செயலாளர் நம்பர்
ஒன் போன்ல இருக்கா?"