போக ரெண்டு, வர ஏழு

கருங்கல் ஜங்ஷனில் பேக்கரிக்கு மேலே
என் டிராவல்ஸ்.
பழம்பொரி எண்ணெய் ஏறி ஏறி
மானிட்டரில்கூட லேசாகப் பிசுக்கு.

இனயத்திலிருந்து வந்திருந்தாள் புளோரிபாய்.
கணவன் கிளீட்டசுக்கு பஹ்ரைனில் போட்டு வேலை,
பத்தாம் மாதம் ஒரு விடுப்பு.
போகவும் வரவும் சேர்த்தே டிக்கெட்.

அச்சான தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.
உதடு அசையாமல் கணக்குப் போடுகிறவள்,
மீன் ஏலத்தில் நின்று பழகிய கண்.

"பிள்ளே, இதில தப்பு இருக்கு.
போறது வெளுப்புக்கு அஞ்சு நாப்பது,
அங்க சேருறது ஏழு அம்பது.
ரெண்டு மணிக்கூர் பத்து நிமிசம்.
வாறது ராத்திரி எட்டு அம்பத்தஞ்சு,
இங்க சேருறது மூணு அம்பத்தஞ்சு.
ஏழு மணிக்கூர்.
அங்கோட்டு அவ்வளவு கிட்ட,
இங்கோட்டு இவ்வளவு தூரமா?"

பதினோரு வருடமாக டிக்கெட் போடுகிறேன்.
ஒருத்தரும் இப்படிக் கழித்துப் பார்த்ததில்லை.

தூரம் ஒன்றுதான் என்றேன்.
மூவாயிரத்து முந்நூறு கிலோமீட்டர் சொச்சம்.
போனாலும் வந்தாலும் நாலரை மணிக்கூர் பறக்கும்.
அங்கே சூரியன் பிந்தி வரும்,
கடிகாரம் நமக்கு ரெண்டரை மணிக்கூர் பின்னால்.
ஸ்டேப்ளர் திருவனந்தபுரம்,
டேப் உருளை பஹ்ரைன்,
மொபைல் டார்ச்சைச் சூரியனாக்கி
மேசைமேல் நகர்த்திக் காட்டினேன்.
கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"அது தெரியும்" என்றாள்.
"நாலு மணிக்கூர் ஓட்டம்னா
கரை மறஞ்சு, மலை மறஞ்சு
அவரு வலை இறக்குற இடம்.
காத்து எதிர்த்தா திரும்ப ஆறும் ஆவும், எட்டும் ஆவும்.
நான் கேக்கது அதில்ல.
போவும்போ கையில வாங்குன ரெண்டரை மணிக்கூரை
வரும்போ திருப்பிக் குடுக்கணும்.
அப்படித்தானே?"

ஆமாம் என்றேன்,
யோசிக்காமல்.

கீழே மார்த்தாண்டம் பஸ்
ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை.
அது போய் முடியும்வரை பேசாமல் இருந்தாள்.

"எங்க அண்ணன் ஸ்டெல்லசும் வாங்கிட்டுப் போனான்.
பதினாறு வருசம் ஆச்சு.
குடுக்கல்ல."

டார்ச்சை அணைத்தேன்.
ஸ்டேப்ளரில் பின் தீர்ந்திருந்தது,
இரண்டு தாளையும் தனித்தனியாகவே நீட்டினேன்.

பிறகு சாதாரணமாகக் கேட்டாள்,
வீட்டிலிருந்து எத்தனை மணிக்கு இறங்கணும்?
வானத்துக் கணக்கு திரையில் இருக்கிறது.
ஐம்பது கிலோமீட்டர் ரோட்டுக் கணக்குக்கு
குழித்துறைப் பாலத்தைக் கேட்க வேண்டும்,
களியக்காவிளை லாரிகளைக் கேட்க வேண்டும்.
பன்னிரண்டுக்கே இறங்கிவிடுங்கள் என்றேன்.

"செரி. வாற அன்னைக்கு
நான் ராத்திரி பதினொண்ணுக்கே
ஏர்போர்ட்டில போய் நிப்பேன்."

செருப்புச் சத்தம் படியில் இறங்கியது.
விரல்விட்டுக் கழித்துப் பார்த்தேன்:
நமக்குப் பதினொன்று, அங்கே எட்டரை.
விமானம் இன்னும் தரையில்தான் நிற்கும்.
கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.