பூட்டு எங்க, டீச்சர்?

இலவசம் என்றுதான் போட்டிருந்தது.
எந்தத் தேசத்து ஆசிரியையோ
தன் ஆறாம் வகுப்புக்கு வரைந்த வரைபடம்.
மேலே ஊர்ப் பெயர் இருந்த இடத்தில்
வெள்ளை பூசியிருந்தாள்.
இரவு பதினொன்றரைக்கு இறங்கத் தொடங்கி
எண்பத்து மூன்று சதவீதத்தில் நின்றது.
கரண்ட் போய், டவரும் போய்,
சன்னலுக்கு வெளியே ஆனிக் காற்றில்
காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் மட்டும்.

மறுநாள் திசையன்விளையில்
எட்வின் ஜெராக்ஸ்.
கலர் பத்து ரூபாய், கறுப்பு இரண்டு.
இருபத்தொன்பது பிள்ளைகள்.
கறுப்பே போடுங்க என்றேன்.

ஆங்கிலத்துக்கு இருந்த பிலோமின் டீச்சர்
சங்கரன்கோவிலுக்கு மாறுதலாகிப் போனதிலிருந்து
இரண்டு பாடமும் என் தலையில்.
திங்கள்கிழமை ஆங்கிலத்தில்
கீ என்றால் சாவி என்றேன்.
எழுதிக்கொண்டார்கள்.
புதன்கிழமை சமூக அறிவியலில்
வரைபடத்தின் மூலையில் ஒரு சிறு பெட்டி,
அதன் தலையில் அதே கீ.
சுயம்புக்கனி எழுந்தாள்:
"சாவி இங்க இருக்கு. பூட்டு எங்க, டீச்சர்?"

சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது,
எனக்குத்தான்.
இது குறி விளக்கம் புள்ள, என்று
பெட்டிக்குள் விரல் வைத்தேன்.
நீலக் கோடு ஆறு. சிவப்புக் கோடு சாலை.
ஆனால் எட்வின் கடை மிஷினில்
இரண்டும் ஒரே சாம்பல்.
எது ஆறு எது சாலை என்று நான் திணற
"ரெண்டும் ஒண்ணுதான டீச்சர்,
நம்பியாத்துக்குள்ளதான எங்க மாமா டிராக்டர் போகுது"
என்றான் லூர்துமிக்கேல்.
தப்பென்று சொல்ல வாய் வரவில்லை.

தாளைத் திருப்பச் சொன்னேன்.
நம்ம ஊரைப் போடுங்க.
கீயையும் நீங்களே போடுங்க.

தேரிக்குப் புள்ளிகள்,
அழித்தழித்துப் போடத் தோதாக,
காற்று அதை ஓரிடத்தில் இருக்க விடாது.
காற்றாலைக்கு மூன்று விரல்.
முருங்கைக்கு நெடுக ஒரு கோடு.
தெருக்குழாய்க்கு ஏழு என்ற எண்,
ஏழு நாளைக்கு ஒருதரம் தண்ணீர்.
தேரிக்கு இங்கிலீஷ்ல என்ன டீச்சர்?
தேரிதான் என்றேன்.
டி, இ, ஆர், ஐ.
அன்று யோசிக்காமல் சொன்ன ஒரே விடை.

சுயம்புக்கனி மட்டும் பேசாமல்
தெருத்தெருவாய்ச் சின்னச் சின்னதாக
ஏதோ வரைந்துகொண்டிருந்தாள்.
பூட்டு.
தாராவியில் கடை வைத்தவர்கள் வீடு,
குவைத்துக்காரர் வீடு,
கொடைக்கு மட்டும் திறக்கிற வீடு.
எண்ணினேன், பதினாறு.
பதினேழாவதை ரப்பரால் தேய்த்தபடி
"நேத்து தொறந்துட்டாவ டீச்சர்,
கக்கூஸ் கட்டுதாவ."

அந்தத் தாளைப் படம் பிடித்து
எடுத்த இடத்திலேயே ஏற்றப் போகிறேன்,
எந்த நாட்டுப் பிள்ளைகளும் பார்ப்பார்கள் என்றேன்.
கைதட்டினார்கள்.
கடைசி பெஞ்சிலிருந்து பேச்சியம்மாள்:
"ஆள் இல்லாத வீடு எதுன்னு
களவாணிக்கும் தெரிஞ்சிரும்லா?"

வகுப்பு அமைதியானது.
சுயம்புக்கனி ரப்பரைக் கையில் எடுத்தாள்.
வேண்டாம், பூட்டு இருக்கட்டும் என்று
ஊர்ப் பெயரின் மேல் வெள்ளை பூசினேன்.
பூசும்போதுதான்
முகம் தெரியாத அந்த ஆசிரியையின் கை
எப்படி இருந்திருக்கும் என்று தோன்றியது.

இரவு. படிவம் கேட்கிறது.
கட்டணம்: இல்லை.
வகுப்பு: ஆறு.
பாடம்: ஒன்றை மட்டும் தேர்வு செய்யவும்.

சமூக அறிவியலுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில்
நிற்கிறது விரல்.
இன்றைய டேட்டாவில்
இன்னும் நாற்பது எம்.பி. மிச்சம்.