வழுவமைதி

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடையில்,
நெல் கொள்முதல் நிலையத்தில் எனக்கு
ஒரு மடக்கு மேசை.
மடக்கும் ஓர் அணிதான்;
இந்த மேசையில் ஒரு கால் மடங்காது.
பட்டியல் புத்தகத்துக்கு அடியில்
தேர்வு வழிகாட்டி, பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு.
தை முதல் பங்குனி வரை நான் பருவகால எழுத்தர்,
மிச்ச மாதங்களில் வெறும் சிங்காரவடிவேலு.

மேட்டூரை மூடிவிட்டார்கள் என்று
இங்கே எல்லார் வாயிலும் பேச்சு.
ஓர் ஊரை எப்படி மூடுவது?
ஆகுபெயர்தான் மூடுகிறது.
'டெல்டா அழுகிறது' என்று பேப்பரில் கொட்டை எழுத்து.
அதுவும் ஆகுபெயர்.
லோகாம்பாள் அழவில்லை.
அறுபத்திரண்டு மூட்டை தேறும் குவியலுக்குப் பக்கத்தில்
மூன்றாம் நாளாக
வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

ஈரப்பதம் பத்தொன்பது புள்ளி நான்கு.
பதினேழுக்கு மேல் வாங்கக் கூடாது.
"நல்லா இருக்கணும் தம்பி,
ஒங்க மிஷினு மாதிரி நேர்மையானவங்களப் பாத்ததில்ல."
வஞ்சப்புகழ்ச்சிக்குப் புத்தகம் தரும் உதாரணம்
இவ்வளவு சுடாது.

கைமாறும் காசுக்கு இங்கே 'டீச்செலவு' என்று பெயர்.
இடக்கரடக்கலா, குழூஉக்குறியா?
இரண்டுக்கும் நடுவே பென்சிலை வைத்துவிட்டு
வெளியே போய் நின்றேன்.

லாரிக்காரன் போனில்,
"இந்தா வந்துட்டேண்ணே."
பின்னால் முத்துப்பேட்டை டீக்கடையில்
பாய்லர் சீறுவது கேட்டது.
வராதவன் வந்தேன் என்பது பிழைதான்;
விரைவு கருதிச் சொன்னால்
இலக்கணம் மன்னிக்கும். கால வழுவமைதி.
நாங்களும் இரண்டு நாள் மன்னித்தோம்.

லோடுமேன் பக்கிரிசாமி
சாக்குக்கட்டின் மேல் புரண்டு படுத்தார்:
"பகல்ல மூட்டைய நாம தூக்குறோம்,
ராத்திரி மூட்டை நம்ம தூக்கத்தத் தூக்குது."
சொற்பின்வருநிலை அணி என்றேன்.
"அதுக்குக் கூலி கூடுமா?"

பத்தரைக்கு மழை.
இயல்பாய் நடப்பதன் மேல்
கவிஞன் தன் குறிப்பை ஏற்றினால் தற்குறிப்பேற்றம்.
மாலைதான் மனப்பாடம் செய்திருந்தேன்.
அந்த மழையின் மேல் எதையும் ஏற்ற முடியவில்லை.
வங்கக் கடலில் ஒரு தாழ்வு நிலை,
அவ்வளவுதான்.
தார்ப்பாயின் நான்கு முனைகளை
ஏழு பேர் பிடித்துக்கொண்டு நின்றோம்.
காற்று எட்டாவது ஆளாக
எதிர்ப்பக்கம் இழுத்தது
(இதோ, ஏற்றிவிட்டேன்).

விடிந்து, வெயில் ஏறி,
காலால் கோடு கோடாக நெல்லைக் கிளறி,
மறுபடி கிளறி,
பதினெட்டு புள்ளி ஒன்று.
உவமை ஒட்டாத எண்.
பட்டியலில் பதினேழு என்று எழுதினேன்.
கை நடுங்கவில்லை,
அதுதான் பயமாக இருந்தது.

தணிக்கைக்காரர் வந்தால் வழு என்பார்.
சாயங்கால வெயிலுக்குள் எப்படியும் பதினேழாகிவிடும்.
ஆகப்போவதை ஆனதாக எழுதினேன், ஐயா.
லாரிக்காரனுக்கு உள்ள சலுகை
எழுத்தருக்குக் கிடையாதா?

ரசீதை முந்தானையில் முடிந்துகொண்டு
லோகாம்பாள் சொன்னாள்,
"நல்லா இருக்கணும் தம்பி."
அதே சொற்கள்.
அணி என்னவென்று கேட்டு
நான்கு விடை கொடுத்தால்
எந்த வட்டத்தையும் கறுப்பாக்க மாட்டேன்.

அவள் டீச்செலவு கொடுத்தாளா என்று
பக்கிரிசாமியை நான் கேட்கவில்லை.

லாரி அப்போதும்
வந்துவிட்டிருந்தது,
முத்துப்பேட்டையில்.