எடை

வாரம் மூன்று நாள்.
ஊசி ஏறுமுன் ஓர் எடை,
கழற்றிய பின் ஓர் எடை.

சுவரில் பித்தளைப் பலகை:
கோர்மக் டெவனி,
மேயோவுக்கு இந்த இயந்திரங்களைக் கொண்டுவந்தவர்.
அதற்கு முன்னால் டப்ளினுக்கு நாலு மணி நேரம்,
திரும்புகையில் பேருந்திலேயே வாந்தி.

இன்று அவர் சவ வண்டி
ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறது.
தாதி திரையை விலக்குகிறாள்.
ஊசியில்லாத கைகள் சிலுவையிடுகின்றன.
என் கை போர்வைக்குள்.

என் தங்கை நுவாலா
பத்தொன்பது வயதில் அவர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட்.
ஒரு பிப்ரவரியில் லிவர்பூலுக்குக் கப்பலேறினாள்.
டிக்கெட் அவர் எடுத்தது.
அம்மாவின் அடக்கத்துக்கும் வரவில்லை.

அவர் புண்ணியத்தில்
என் ரத்தம் வெளியே போய்
சுத்தமாகித் திரும்புகிறது.

தராசில் நிற்கிறேன்.
இரண்டு கிலோ நானூறு குறைந்திருக்கிறது.
வெறும் தண்ணீர்தான், என்கிறாள் தாதி.