இடது புருவம்

புளியரை எடைமேடையில் எனக்கு இரவுப்பணி.
மணல், தடி, கோழித்தீவனம், சிமெண்டு
எல்லாவற்றையும் டன்னில் பார்த்தே பழகிய கண்ணுக்கு
ஒன்றே முக்கால் வருஷமாய்
முந்நூற்றுப் பத்து கிராம் அகப்படவில்லை.

என் பியட்டின் விளக்குக்கு மேலே வளையும்
குரோமியப் புருவம்.
வலது இருக்கிறது.
இடது இல்லாததால் வண்டி எப்போதும்
நான் சொல்வதை நம்பாத மாதிரி நிற்கும்.

புதுப்பேட்டையில் நாளைக்கு வாங்க என்றார்கள்.
மூன்று நாளைக்குப் போனேன்.
உக்கடத்தில் ஒருவர் அம்பாசடரின் புருவத்தை நீட்டி
கொஞ்சம் தட்டினா உக்காந்துரும் என்றார்.
தபாலில் வந்தது பிளாஸ்டிக்.
நகம் பட்டதும் வெள்ளி உரிந்து விரலில் ஒட்டி
இரண்டு நாள் சோற்றில் மின்னியது.

பிறகு ஒரு விடியலில்
ரப்பர் தடி ஏற்றிவந்த செல்லப்பாண்டி
எடைச்சீட்டை மடித்துக்கொண்டே சொன்னான்:
"எடமண்ல ஒரு சேட்டன்கிட்ட உங்க வண்டி மாதிரியே ஒண்ணு.
அதுல இடது இருக்கு. வலதுதான் இல்ல."

ஆரியங்காவு தாண்டியதும் மழை.
வைப்பரில் ஒன்றுதான் ஓடும்,
அதுவும் என் பக்கம் இல்லை.

அவிராச்சன் தார்ப்பாயை விலக்கினார்.
சம்பந்தம் பேச வந்த இடத்தில்
இரண்டு வீட்டிலும் பெண்ணே இருக்கக் கண்டவர்கள் போல
இரண்டு வண்டியையும் பார்த்தபடி நின்றோம்.
"விலை பறயணும்" என்றார்.
நீங்க சொல்லுங்க என்றேன்.
அவர் கேட்டது என் வலதுக்கு,
நான் கேட்டது அவர் இடதுக்கு.

கட்டன் சாயா வந்து ஆறியது.
தம் பம்பரைத் தடவிக் காட்டினார்,
அம்மை வார்த்த முகம்.
குரோமியம் வெறும் மேல்தோலாம்;
மினுங்குவதெல்லாம் அடியிலிருக்கும் நிக்கலாம்.
ஊசிமுனைத் துளை போதும்,
மழை உள்ளே இறங்கி
இரும்போடு ரகசியம் பேசத் தொடங்கிவிடும்.
இடவப்பாதியிலிருந்து ஐந்து மாசம்
மெழுகு, கிரீஸ், வேப்பெண்ணெய்
எதுவும் நிற்பதில்லை என்றார்.

கடைசியில் அவர் சொன்ன விலை இது:
புருவத்தை நீ எடுத்துக்கொள்.
மழை மாதங்களில்
என் பம்பர் இரண்டும், கிரில்லும், நான்கு கைப்பிடியும்
மலைக்கு உங்கள் பக்கம் இருக்கட்டும்.

எங்களுக்கும் சாரல் உண்டே என்றேன்.
வெளியே ஓட்டில் கொட்டுவதைக் கைகாட்டி,
அதை மழையென்று இங்கே சொல்லிவிடாதே என்றார்.

பின்சீட்டில் போர்வை சுற்றிய அவருடைய பம்பர்,
மடியில் என் புருவம்.
சாவடியில் பறவைக் காய்ச்சலுக்கு மருந்தடிக்கிறார்கள்.
டயருக்குத்தான்;
ஆனால் அந்தப் பையனுக்குக் கை நீளம்.
குளோரின் வாசம் மூக்கில் ஏறியதும் குதித்திறங்கி
வண்டியின் முன்முகத்தைத்
துப்பட்டாவை விரித்துப் பொத்திக்கொண்டேன்.
"கோழி இருக்காக்கா?"
இல்ல.
"முட்டை?"
இல்ல.
"அப்ப எதத்தான் அடகாக்குறீங்க?"

அன்றிரவு லாரி வராத ஒரு நேரம்
எடைமேடையின் நட்டநடுவே
புருவத்தைத் தனியே வைத்துவிட்டு ஓடிவந்து பார்த்தேன்.
பூஜ்யம் என்றது திரை.
ஐந்து கிலோவுக்குக் கீழே அதற்கு எதுவும் தெரியாது.

ஆவணி பிறந்து நான்காம் நாள்,
கட்டிலுக்கடியில்
அவிராச்சனின் பம்பரில்
பழைய தழும்புகளுக்குத் தள்ளி, கடுகளவு
புதிதாய் ஒரு செம்புள்ளி.
அங்கிருந்தே வந்ததா, எங்கள் சாரல் வைத்ததா,
தெரியவில்லை.
சிகரெட் பெட்டித் தாளைக் கசக்கி
ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன்.
போயிற்று.
எட்டு நாளில் அதே இடத்தில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார்.
அவர் குரலுக்குப் பின்னால் மழை.
எப்படி இருக்கு என்று கேட்டார்.
புள்ளியின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு
நல்லா இருக்கு என்றேன்.